எல்லாவற்றுக்கும் ஆமா சொல்கிற உன் மகள்

என் தம்பி முருகேசா,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து உன்னோடு மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றைக்குக் காகிதத்தில் போடுகிறேன். உயிரோடு இருந்தபோது என் பேச்சை முழுசாகக் கேட்காமல் பாதியில் எழுந்து போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்?

பூங்கொடி நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பதறுவாய். இந்தக் கடிதத்தை வேறு சிலரும் கேட்கப்போகிறார்கள். அவள் போகிற உடற்பயிற்சி வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் வாசிக்க ஏதாவது எழுதித் தரும்படி டீச்சர் கேட்டார். ஊருக்கு அறிவுரை எழுத எனக்கு வராது. உன்னைத் திட்டி எழுத நன்றாக வரும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுக்கொள்ளட்டும்.

அவர்களுக்காக ஒரு வார்த்தை. பூங்கொடி என் தம்பியின் ஒரே மகள். வயது முப்பத்தொன்று. அரசாங்க அட்டையில் அறிவுசார் குறைபாடு என்று போட்டிருக்கிறது. குளிப்பது, உடுத்துவது, துவைத்த துணியை மடித்து அடுக்குவது எல்லாம் தானே செய்துகொள்வாள். சின்ன வயதிலேயே அம்மாவைப் பறிகொடுத்தவள், அப்பாதான் எல்லாமாக இருந்தான். அவனும் போன பிறகு ஆவடி பக்கம் சேக்காட்டு வீட்டில் அவளும் அத்தையான நானும். நான் சரோஜா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்தேன். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. எல்லாவற்றையும் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள்.

நீ இருந்தவரை அவளைப் பக்கத்துத் தெருவுக்குக்கூட நடத்தியதில்லை. ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போவாய். சாயங்காலம் ஆனால் பஜ்ஜி, ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிரியாணி, நடுவில் பிஸ்கட் பாக்கெட். கேட்டால், "வேற இன்னா சந்தோஷம் கீது அதுக்கு, சாப்ட்டும் வுடுக்கா" என்பாய். நீ போய் ஆறு மாதத்தில் அவளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, மூச்சு வாங்கியது. ஆவடியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை வந்தாயிற்று என்றார். மாத்திரை எழுதினார். "மாத்திரை மட்டும் போதாதும்மா, இவங்க உடம்பு அசையணும். கால்ல சின்னக் காயம் வந்தாலும் உடனே கூட்டிட்டு வரணும்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தை நான் அப்போது காதில் சரியாக வாங்கவில்லை.

வகுப்பைப் பற்றிச் சொன்னது எதிர் அடுக்குமாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில், பூங்கொடி மாதிரியானவர்களுக்கென்றே உடற்பயிற்சி சொல்லித்தருகிறார்களாம். ஒரு டிரஸ்ட் நடத்துகிறதாம். பணம் கிடையாதாம். எனக்கு உடனே காது விடைத்தது. பணம் வாங்காமல் ஒருத்தர் வாரத்துக்கு மூன்று நாள் எதற்காக வியர்வை சிந்த வேண்டும்? போட்டோ எடுத்து எங்காவது காட்டுவார்களா? மருந்து கிருந்து கொடுத்துப் பார்ப்பார்களா? டாக்டர் பயமுறுத்தியிருக்காவிட்டால் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டேன்.

டீச்சர் பெயர் ரேவதி. நெமிலிச்சேரிக்காரி, முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். ஒரு காலத்தில் கபடி ஆடியவளாம், தோள் அப்படி. கழுத்தில் விசில். முதல் நாளே என்னை வாசலில் நிறுத்திவிட்டாள்.

"நீங்க வெளியே குந்துங்க மேடம். கிளாஸ் முடிஞ்சதும் கூப்புடுறேன்."

"ஏன், நான் உள்ள இருந்தா இன்னா ஆயிடும்?"

"நீங்க உள்ள கீறீங்கன்னா அவங்க உங்க மூஞ்சியதான் பாத்துகினு இருப்பாங்கோ. நான் ஒண்ணு கேட்டா நீங்க பதில் சொல்லுவீங்கோ. எல்லா ஊட்லயும் இதான் மேடம் நடக்குது."

நியாயமாகத்தான் பட்டது. நியாயமாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம் வரும். கம்பெனியில் மட்டமான வார்ப்பு இரும்பு அனுப்புகிற சப்ளையர் எவனும் மரியாதையில்லாமல் பேசியதே கிடையாது. அந்தக் கூடத்தின் ஜன்னலெல்லாம் பனி படிந்த மாதிரி மங்கலான கண்ணாடி, உள்ளே ஒன்றும் தெரியாது. விசில் சத்தம் கேட்கும். "தூக்கு, தூக்கு, இன்னும் கொஞ்சம்" என்று அவள் கத்துவது கேட்கும். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மற்ற அம்மாக்கள் சீரியல் கதை பேசுவார்கள். நான் கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு மாதம் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. பூங்கொடி நிற்காமல் மாடிப்படி ஏறினாள். ஆவடி ஸ்டேஷனில் ரயிலில் ஏறும்போது என் கையைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்தாள். அப்போது டீச்சர் செருப்பெல்லாம் கூடாது, ஷூ வாங்கிப் போடுங்கள் என்றாள். நானே கடைக்குக் கூட்டிப் போய் நல்லதாக ஒன்று வாங்கினேன், வெள்ளையில் ரோஸ் கலர் கோடு போட்டது. அவள் அதை இரண்டு நாள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் இருக்கும். ஒரு புதன்கிழமை வகுப்பு முடிந்து வந்தவளின் இடது முழங்கைக்குக் கீழே இரண்டு சிவப்புக் கோடு. தடித்துப்போய், பட்டையால் இழுத்த மாதிரி. உன் முகம்தான் கண் முன்னால் வந்தது முருகேசா. அவளைக் கட்டிலில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"டீச்சர் அடிச்சாங்களா கண்ணு?"

"ஆமா."

"கையாலயா?"

"ஆமா."

"பெல்ட்டு மாதிரி எதாச்சும் வச்சா?"

"ஆமா."

"அழுதியா?"

"ஆமா அத்த."

ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு. பாவம், வலியை மறைத்துச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வகுப்பு நாளன்று ஷூவை எடுத்து வைத்ததும் அவள் முகம் சுருங்கியது. ஒரு காலை மாட்டிவிட்டு இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை, அவளுக்குத்தான் அது சொல்லத் தெரியாதே. எனக்கு வேறு சாட்சி எதற்கு? டீச்சரை நினைத்தாலே பிள்ளை நடுங்குகிறது என்று முடிவு கட்டினேன். ஒரு வாரமாக அவள் மெதுவாக நடப்பதையும் சரியாகச் சாப்பிடாததையும் அதோடு சேர்த்துக்கொண்டேன்.

அன்றே உட்கார்ந்து டிரஸ்ட்டுக்கு மூன்று பக்கம் புகார் எழுதினேன். கம்பெனியில் ரிஜெக்‌ஷன் நோட் எழுதின கை, சும்மா சொல்லக் கூடாது, புகார் பிரமாதமாக வந்தது. மறுநாளே விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வர வேண்டாம் என்று ரேவதியை நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமை எங்களைக் கூப்பிட்டார்கள்.

டிரஸ்ட்டின் பொறுப்பாளர் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், அமைதியாகப் பேசினார். பூங்கொடிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "டீச்சர் உங்கள அடிச்சாங்களாம்மா?" என்று கேட்டார். "ஆமா" என்றாள். நான் ரேவதியைப் பார்த்தேன். அவள் முகத்தில் கோபமே இல்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவள் பொறுப்பாளரிடம், "சார், நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கட்டா?" என்றாள். அவர் தலையாட்டினார்.

"பூங்கொடி, அத்தை உன்ன அடிச்சாங்களா?"

"ஆமா."

அதே சிரிப்பு. அதே குரல். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

பொறுப்பாளர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை என்னால் மறக்கவே முடியாது. நான் ரேவதியைப் பார்த்தேனே, அதே பார்வை. இருபத்தெட்டு வருஷத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் அவள் மேல் ஒரு விரல் வைத்திருப்பேனா? உனக்குத் தெரியும். அந்த அறையில் வேறு யாருக்குத் தெரியும்?

ரேவதியே என்னைக் காப்பாற்றினாள். "உங்க ஊட்ல ஆனை கீதா பூங்கொடி?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எத்தினி, பத்து ஆனையா?"

"ஆமா."

ரேவதி பொறுப்பாளரிடம் சொன்னாள்: "அவங்க பொய் சொல்லல சார். நாம இன்னா கேக்குறமோ அதுக்கு ஆமான்னு சொன்னா நமக்குப் பிடிக்கும்னு நெனச்சிகினு கீறாங்க. அத்தை மேலயும் தப்பு இல்ல. என் மேலயும் தப்பு இல்ல. ஆனா இது பெரிய பேஜாரு சார். நாளைக்கு நெஜமாவே எவனாச்சும் அடிச்சாலும் நமக்குத் தெரியாது."

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தப் பொம்பளை கெட்டிக்காரி, கேள்வியைத் திருப்பிப் போட்டுத் தப்பித்துக்கொண்டாள் என்றுதான் ரயிலில் வரும்போது முழுக்க யோசித்தேன். யானை இல்லை என்பதால் அடிக்கவில்லை என்று ஆகிவிடுமா? எல்லாவற்றுக்கும் ஆமா என்றால், அடித்ததற்கும் அது பொருந்தும்தானே?

மறுநாள் காலையில் நானே சோதித்துப் பார்த்தேன். ஆறிப்போன காபியைக் கையில் கொடுத்து, "சூடா இருக்கா?" என்றேன். ஆமா. "ஜில்லுனு இருக்கா?" ஆமா. "இட்லி வேணுமா?" ஆமா. "வேணாமா?" ஆமா. சரி, இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும் என்று, "இட்லியா, தோசையா?" என்றேன். தோசை என்றாள். மாற்றி, "தோசையா, இட்லியா?" என்றேன். இட்லி என்றாள். கடைசியாகக் காதில் விழுந்தது எதுவோ அது. இத்தனை நாளாக இவளுக்கு என்ன பிடிக்கும் என்று நான் தெரிந்து வைத்திருந்தது எல்லாம் நானே கேட்டு நானே சொல்லிக்கொண்ட பதில்தானா?

கம்பெனியில் ஓட்டை அளக்க ஒரு கேஜ் இருக்கும், உனக்குக் காட்டியிருக்கிறேன். அதற்கு இரண்டு முனை. ஒரு முனை ஓட்டைக்குள் போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. இரண்டையும் பார்த்தால்தான் பாஸ். முதல் முனை போகிறது என்று மட்டும் பார்த்து எவனாவது பாஸ் போட்டால் அவனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வேன். வீட்டில் நான் செய்துகொண்டிருந்தது அதேதான்.

பொறுப்பாளர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ரேவதி வழக்கம்போல வகுப்பு எடுக்க, இன்னொரு டீச்சர் கூட இருக்க, நானும் உள்ளே உட்கார்ந்து ஒரு வகுப்பு முழுக்கப் பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை போனேன். அன்றைக்கும் ஷூ போட அரை மணி நேரம். கூடத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இளையவனுக்குப் பதினெட்டு இருக்கும், மூத்தவர் பாபு, நாற்பதைத் தாண்டியவர். ஆளுக்கு ஒரு ரப்பர் பட்டை கொடுத்தார்கள், அதைக் காலில் மாட்டிக் கையால் இழுக்க வேண்டும். மற்றவர்கள் பிடியைப் பிடித்து இழுத்தார்கள். பூங்கொடி பட்டையை முழங்கைக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். விட்டபோது அதே இரண்டு சிவப்புக் கோடு.

ரேவதி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, அடுத்த ஆளின் பட்டையைச் சரிசெய்யப் போனாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்புறம்தான் நடை. கூடத்தைச் சுற்றி நாலு சுற்று. பூங்கொடி வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தாள். ரேவதி விசிலை ஊதி எல்லாரையும் நிறுத்தினாள்.

"போன வாரமே கேட்டேன் மேடம், கால் நல்லா கீதான்னு. ஆமான்னாங்க. நானும் வுட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே பூங்கொடியின் முன்னால் மண்டி போட்டாள். "கேக்கக் கூடாது, காட்டச் சொல்லணும். பூங்கொடி, எங்க வலிக்குதோ அங்க கை வை."

பூங்கொடி என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ரேவதி முதல் நாளே சொன்னாளே. அப்புறம்தான் அவள் குனிந்து வலது ஷூவின் முனையில் கை வைத்தாள்.

ஷூவைக் கழற்றினோம். சாக்ஸ் சுண்டு விரல் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் இடுக்கில் தோல் உரிந்து, சீழ் கட்டியிருந்தது. மேலே பார்த்தால் தெரியாது, விரலைப் பிரித்தால்தான் தெரியும். அவள் தானே குளித்து, தானே துடைத்து, தானே சாக்ஸ் போட்டுக்கொள்கிறவள். நான் எதற்குக் காலைப் பார்க்கப்போகிறேன்?

அந்த ஷூ ஒரு சைஸ் சின்னது, முருகேசா. கடையில் மாட்டிவிட்டு, "சரியா இருக்கா கண்ணு?" என்று கேட்டேன். ஆமா என்றாள். "இறுக்கிப் புடிக்குதா?" என்று திருப்பி ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டை விரலால் முனையை அமுக்கிப் பார்க்கவில்லை. கடைக்காரன் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான், நானும் சரி என்றுவிட்டேன். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை போட்டவள், பிள்ளையின் காலை அளக்காமல் பாஸ் போட்டேன். அடித்தது யார் என்று ஊரெல்லாம் விசாரித்தேன். தினமும் அவளுக்கு வலி கொடுத்தது நான் வாங்கிக் கொடுத்த ஷூ. அதை வலிக்க வலிக்க மாட்டிக்கொண்டு என் பின்னால் ஸ்டேஷனுக்கு நடந்து வந்திருக்கிறாள்.

டாக்டர் என்னைத் திட்டினார், திட்டட்டும். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரல் தங்கியிருக்காது, சர்க்கரை இருக்கும்போது விரலோடும் நிற்காது என்றார். மூன்று வாரம் கட்டுப் போட்டோம். ரேவதி நெமிலிச்சேரியிலிருந்து ரயில் பிடித்து இரண்டு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். நான் புகாரைத் திரும்பப் பெற்று எழுதிக் கொடுத்தேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டபோது, "வுடுங்க மேடம், நீங்க கேட்டீங்கோ. கேக்காத ஊடுங்களப் பாத்தாதான் எனக்குப் பயம்" என்றாள். அவள் ஏன் இந்த வேலையைச் செய்கிறாள் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் கண்டுபிடிப்பேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். இவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்? பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண வீட்டில், யார் வந்து எது கேட்டாலும், "ஆமான்னு சொல்லிட்டு சிரிச்சிடு கண்ணு" என்று அவள் காதில் ஓதிக்கொண்டே இருந்தாயே. எல்லாரும், அடடா என்ன தங்கமான பொண்ணு என்றார்கள். உனக்குப் பெருமை. நானும்தான் சேர்ந்து பெருமைப்பட்டேன். நீ எதற்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் "மாட்டேன்" என்று ஸ்லேட்டைத் தள்ளிவிட்டாள் என்று வெளியே நிறுத்தி, மறுநாள் முதல் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. அன்றோடு அந்த வார்த்தையை வீட்டைவிட்டே துரத்திவிட்டாய். பயத்தில் செய்தாய். ஆனால் நல்லவன் கேட்டாலும் ஆமா, கெட்டவன் கேட்டாலும் ஆமா என்றால், நாம் இரண்டு பேரும் போன பிறகு இவள் கதி என்ன என்று ஒருநாளாவது யோசித்தாயா? யோசித்திருப்பாய். சொல்லாமல் போய்விட்டாய்.

வகுப்பில் இப்போது உடற்பயிற்சியோடு பத்து நிமிஷம் "இல்ல" சொல்லிப் பழகவும் ஒதுக்கியிருக்கிறார்கள். ரேவதி ஒரு ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிக் காட்டி, "இது வாழைப்பழமா?" என்பாள். பாபுவுக்கு இதில் பெரிய குஷி. "இல்ல, இல்ல, டீச்சருக்குக் கண்ணு தெரில" என்று கூடமே அதிரக் கத்துவார். பயிற்சி நடுவில் உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்த வேண்டும் என்று விதி, டீச்சருக்கும் சேர்த்துத்தான். பூங்கொடி மட்டும் வாழைப்பழத்துக்கும் ஆமா, யானைக்கும் ஆமா. ஒரு மாதம், இரண்டு மாதம். வீட்டில் நானும் செய்து பார்த்தேன். உப்பு போடாத சாம்பாரை ஊற்றி, நன்றாக இருக்கிறதா என்பேன். ஆமா என்று சாப்பிட்டு முடிப்பாள். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இருபத்துநாலு வருஷம் நீ போட்ட பூட்டு, ஆரஞ்சுப் பழத்தில் திறக்குமா?

இனி சொல்லப்போவது டீச்சருக்குக்கூடத் தெரியாது. கூட்டத்தில் வாசிக்கும்போதுதான் கேட்பாள்.

நீ ஆஸ்பத்திரியில் கண்மூடிய அன்று, சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பூங்கொடிக்குக் காட்டக் கூடாது, தாங்கமாட்டாள் என்றார்கள். நானும் ஒப்புக்கொண்டேன். எதிர் வீட்டில் டிவி போட்டு உட்கார வைத்தோம். எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து, அப்பா வேலையாக வேலூர் போயிருக்கிறார் என்று சொன்னேன். உன் போட்டோவுக்கு மாலை போடவில்லை, போட்டோவையே பீரோவுக்குள் வைத்துவிட்டேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. "அப்பா வந்துடுவாரு, என்ன கண்ணு?" என்பேன். "ஆமா" என்பாள். அவள் நம்புகிறாள் என்று நினைத்தேன். ஒன்றரை வருஷம், முருகேசா.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆவடி ஸ்டேஷனில் வண்டிக்கு உட்கார்ந்திருந்தோம். புது ஷூ, இந்தத் தடவை ரேவதியே கூட வந்து அமுக்கிப் பார்த்து வாங்கினது. அரக்கோணம் பக்கமிருந்து ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் போயிற்று. என் வாய் பழக்கதோஷத்தில், "அப்பா இது மாதிரி வண்டிலதான் வேலூர்லருந்து வருவாரு, என்ன கண்ணு?" என்றது.

அவள் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இல்ல."

எனக்குக் காதில் விழுந்ததே நிஜமா என்று சந்தேகம். "இன்னா சொன்னே?"

"இல்ல. வரமாட்டாரு."

"யாரு சொன்னா? டீச்சரா?"

"இல்ல."

"எதிர் வூட்டு அக்காவா?"

"இல்ல."

என் புத்தி அப்போதும் சும்மா இருக்கவில்லை. புதிதாகக் கற்றுக்கொண்ட வார்த்தை, இனி எல்லாவற்றுக்கும் இதையே சொல்வாளோ என்று ஓடியது. கேள்வியை இரண்டு விதமாகவும் போட்டுக் கேட்டேன்.

"அப்பா வேலூர்ல கீறாரா கண்ணு?"

"இல்ல."

"அப்பா செத்துட்டாரா?"

"ஆமா."

அவள் சிரிக்கவில்லை. முதல் தடவையாக ஒரு ஆமாவைச் சிரிக்காமல் சொன்னாள். எங்கள் வண்டி வந்தது, நாங்கள் ஏறவில்லை. ஸ்டேஷன் பெஞ்சில் நான் ஓவென்று அழுதேன், அவளும் அழுதாள். ஒன்றரை வருஷமாக அவள் தனியாகச் சுமந்த துக்கத்துக்கு அன்றுதான் துணைக்கு ஆள் வந்தது. அதுவரை நான் கேட்டதெல்லாம் அவள் அழக் கூடாது என்பதற்கான கேள்வி. எனக்காகத்தான் அத்தனை ஆமாவும் சொல்லியிருக்கிறாள்.

உன் போட்டோவை மாட்டிவிட்டோம். ஆணி எங்கே அடிப்பது என்று அவள்தான் கை வைத்துக் காட்டினாள்.

முருகேசா, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். என் மருந்துச் சீட்டைக்கூட நான் மூன்று பேரிடம் காட்டித்தான் நம்புவேன், அது சாகும்வரை மாறாது. ஆனால் உன் மகள் "இல்ல" என்று சொன்னால், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். மற்றவர்களையும் கேட்க விடமாட்டேன்.

உன் மகளோடு சேர்ந்து அழுதுவிட்டு எழுதுகிற,
உன் அக்கா சரோஜா